ஊர்க் காரியத்துக்கு யார் வருகிறார்கள்?

வெப்பநிலையை அளக்க வெப்பமானி இருக்கிறது. காற்றழுத்தத்தை அளக்கப் பாரமானி இருக்கிறது. ஓர் ஊரின் மக்கள் பொதுக் காரியங்களில் எவ்வளவு பங்கு கொள்கிறார்கள் என்பதை எதைக் கொண்டு அளப்பது? அறிவியல் மாணவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எதை அளக்கிறோம், எந்தக் கருவியால் அளக்கிறோம், அக்கருவி எதைக் காணாமல் விடுகிறது என்ற மூன்று கேள்விகளும் அறிவியலின் அடிப்படைக் கேள்விகளே. ஆகையால் இம்மாதம் ஆய்வுக்கூடத்தை விட்டு வீதிக்கு வருவோம்.

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் இரண்டு பேச்சுகளை அடிக்கடி கேட்கலாம். "படித்தவர்களுக்குத்தான் பொதுப் பொறுப்பு உண்டு. குப்பத்து மக்களுக்கு அந்த அக்கறை கிடையாது" என்பது ஒன்று. "வசதியுள்ளவர்கள் வாக்குச்சாவடிப் பக்கமே வருவதில்லை. ஏழைகள்தாம் வரிசையில் நிற்கிறார்கள்" என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே நாளில் சொல்வதுகூட உண்டு. இவற்றில் எது சரி?

படிநிலை என்பது என்ன?

முதலில் சொல்லுக்குப் பொருள் வரையறுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தின் வருமானம், கல்வி, தொழில் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து, சமுதாயத்தில் அக்குடும்பம் நிற்கும் இடத்தைச் சமூகப் படிநிலை என்கிறார்கள். இதை முறையாக அளந்து வரும் நாடுகளில் ஜப்பான் குறிப்பிடத்தக்கது. அங்கே 1955 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, மக்களின் படிநிலையும் அதன் மாற்றமும் பற்றிய பெரிய கணிப்பு ஒன்றை ஆய்வாளர்கள் நடத்தி வருகிறார்கள். நம் நாட்டில் இம்மூன்றோடு சாதியும் பின்னிக் கிடப்பதால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது.

நம் நகரில் வெவ்வேறு படிநிலையினர் வெகு தொலைவில் வாழ்வதில்லை. கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளிலிருந்து நொச்சிக்குப்பத்துக்கு நடந்தே போய்விடலாம். பெசன்ட் நகரின் அடுக்குமாடி வீடுகளை ஒட்டியே ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. தியாகராய நகரில் ஒரே தெருவில் பெரிய ஜவுளிக்கடையும், அதன் வாசலில் பூக்கூடையும் இருக்கக் காணலாம். அளவுகோலைச் சோதித்துப் பார்க்க இதைவிட ஏற்ற இடம் வேண்டுமோ?

முதல் அளவுகோல்: வாக்கு

எண்ணுவதற்கு எளிதானது வாக்கு. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 69.7 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. வட சென்னையில் 60.1, தென் சென்னையில் 54.2, மத்திய சென்னையில் 54.0 விழுக்காடு பதிவாயின. மயிலாப்பூரும் தியாகராய நகரும் தென் சென்னைத் தொகுதியைச் சேர்ந்தவை. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் 74 விழுக்காட்டுக்கு மேல் பதிவாயிற்று. சென்னை மாநகராட்சியிலோ 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

உழைப்பாளர் மிகுந்த வட சென்னையில் கூடுதல். நடுத்தர வகுப்பார் மிகுந்த தென் சென்னையில் குறைவு. "பார்த்தீர்களா, வசதியுள்ளவர்கள் வாக்களிக்கவில்லை!" என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். இங்கே இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கலாம்.

முதலாவது, சராசரியின் பிழை. ஒரு பகுதியில் 100 வாக்காளர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களில் வசதியுள்ளவர் 50 பேர், ஏழைகள் 50 பேர். மொத்தம் 54 பேர் வாக்களித்தார்கள். வசதியுள்ளவரில் 20 பேரும் ஏழைகளில் 34 பேரும் வந்திருந்தாலும் கூட்டுத்தொகை 54. அப்படியே மாற்றி வைத்தாலும் 54. இரு தரப்பிலும் 27 பேர் வந்திருந்தாலும் அதே 54. ஆகவே ஒரு தொகுதியின் விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதிலுள்ள எந்தப் பிரிவார் வந்தார்கள் என்று சொல்ல இயலாது. ஓர் அறையின் சராசரி வெப்பநிலை தெரிந்தால், அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடாதல்லவா?

இரண்டாவது, பகுதியின் பிழை. விழுக்காடு என்பது ஒரு பின்னம். மேலே வாக்களித்தவர் தொகை. கீழே பட்டியலில் உள்ள பெயர்களின் தொகை. பட்டியலில் 1000 பெயர்கள் இருந்து 500 பேர் வாக்களித்தால் 50 விழுக்காடு. அந்த 1000 பெயர்களில் 100 பேர் வீடு மாறிப் போனவர்களோ இறந்தவர்களோ ஆனால், உண்மையில் 900-க்கு 500, அதாவது 55.6 விழுக்காடு. வாடகைக் குடித்தனங்கள் அடிக்கடி இடம் மாறும் பெருநகரில் இந்தப் பிழை சிற்றூரைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்புண்டு.

இப்பிழைகளைத் தவிர்க்க ஒரு வழி, தனித்தனி மனிதர்களை மாதிரிக் கணிப்பு முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்பது. தில்லியிலுள்ள வளரும் சமுதாயங்கள் ஆய்வு மையம் பல தேர்தல்களில் இவ்வாறு கேட்டு வந்திருக்கிறது. 1990-களில் அந்தக் கணிப்புகளிலிருந்து உலகின் கவனத்தை ஈர்த்த ஒரு செய்தி வெளிப்பட்டது. இந்தியாவில் ஏழைகளும் தாழ்த்தப்பட்ட மக்களும் வசதியுள்ளவர்களுக்குக் குறையாமல், பல சமயம் அவர்களைவிடக் கூடுதலாகவே வாக்களிக்கிறார்கள் என்பதே அது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே வருமானமும் கல்வியும் உயர உயர வாக்களிப்பும் உயர்கிறது. ஆகவே இரண்டாவது பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைக் காட்டுவது தொகுதிச் சராசரி அன்று. தனி மனிதர்களைக் கேட்டறிந்த கணிப்பே.

இரண்டாவது அளவுகோல்: சங்கம்

இப்போது அளவுகோலை மாற்றிப் பார்ப்போம். வாக்குக்குப் பதிலாக, சங்கங்களில் சேர்ந்து பணியாற்றுவதை எண்ணுவோம்.

சென்னைக்கு இத்துறையில் நல்ல பெயர் உண்டு. நுகர்வோர் உரிமைக்காகவும் நகரச் சூழலுக்காகவும் வாதாடும் ஒரு குடிமக்கள் குழு இங்கே 1985-இல் தோன்றியது. 1989-இல் எம். பி. நிர்மல் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கினார். தெருவார் ஒன்றுகூடி, மாதந்தோறும் சிறு தொகை போட்டு, மிதிவண்டி வண்டியில் வீட்டுக்கு வீடு குப்பை சேகரிக்கச் செய்தார்கள். அந்த முறை பல தெருக்களில் பரவியது. குடியிருப்போர் நலச் சங்கங்களும் பெருகின.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1688-இல் நிறுவப்பட்ட சென்னை மாநகராட்சியின் மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. அதன்பின் 1996 வரை, 23 ஆண்டுகள், தேர்தலே நடக்கவில்லை, அதிகாரிகளே நிர்வகித்தார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் கேட்பதற்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத காலம் அது. 2016 முதல் 2022 வரையிலும் அவ்வாறே மன்றம் இல்லாத இடைவெளி ஏற்பட்டது.

சென்னையில் இச்சங்கங்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிஞர் ஜான் ஹாரிஸ், 2000-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், இவற்றில் முனைப்பாக இருப்போர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பார் என்று எழுதினார். ஏழைகள் தங்கள் குறைகளுக்கு உள்ளூர்த் தலைவரையும் கட்சிக்காரரையும் நாடுகிறார்கள் என்றும் கண்டார். ஆக, முதற் பேச்சிலும் ஓரளவு உண்மை இருப்பதுபோல் தெரிகிறது.

ஆனால் ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது; 1971-இல் மால்கம் ஆதிசேஷய்யா நிறுவியது. அங்கே பணியாற்றிய கரேன் கொயல்ஹோ, டி. வெங்கட் என்பவருடன் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏழைகள் வாழும் பகுதிகளிலும் சங்கங்கள் இருக்கின்றன; நடுத்தர வகுப்பாரின் சங்கங்களும் அரசியலை விட்டு விலகி நிற்பவை அல்ல என்று அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். கருவியைச் சற்றுக் கூர்மையாக்கியதும், இரு பிரிவாருக்கும் இடையே கண்ட கோடு அவ்வளவு நேராக இல்லை என்று தெரிந்தது.

கருவியில் பதியாதவை

கரையோர மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்னும் அமைப்பு நெடுங்காலமாக உண்டு. கோயில் விழா, வலை பற்றிய தகராறு, கடலில் இறந்தவர் குடும்பத்துக்கு உதவி எல்லாம் அங்கே பேசி முடிக்கப்படும். குடும்பங்கள் வரி செலுத்தும். ஆனால் "நீங்கள் பதிவு பெற்ற சங்கம் எதிலாவது உறுப்பினரா?" என்று கணிப்பாளர் கேட்டால், "இல்லை" என்ற விடைதான் வரும். தாளில் அது சுழியாகப் பதியும். பெருக்கல் தராசில் கொத்தமல்லிக் கட்டை நிறுத்தால் முள் அசையாது. அதனால் கொத்தமல்லிக்கு எடையே இல்லை என்று ஆகிவிடுமா?

2015 டிசம்பர் வெள்ளத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம் போன்ற இடங்களில் வீடுகள் மூழ்கின. அப்போது மீனவர்கள் கடலில் ஓட்டும் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். கல்லூரி மாணவர்களும் அலுவலகத்தாரும் உணவுப் பொட்டலம் கட்டினார்கள். வெளியூர்களிலிருந்தும் துப்புரவுப் பணியாளர்கள் வந்து மலைபோல் குவிந்த குப்பையை அள்ளினார்கள். இதில் எது பொதுப்பணி, எது இல்லை? படகு ஓட்டியவர் எந்தச் சங்கப் பேரேட்டிலும் இல்லாமல் இருக்கலாம்.

ஓம் விதியைக் கொண்டு ஓர் ஒப்புமை

அளவுகோலுக்கு ஏற்ப விடை மாறுகிறது என்று கண்டோம். ஏன் மாறுகிறது? நீங்கள் பாடத்தில் படித்த ஓம் விதி இங்கே கைகொடுக்கும். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்.

பொதுக் காரியத்தில் ஈடுபட வேண்டும் என்ற விருப்பத்தை மின்னழுத்தம் என்று கொள்வோம். நாம் வெளியே காணும் பங்கேற்பை மின்னோட்டம் என்று கொள்வோம். இடையிலுள்ள தடைகள் யாவும் மின்தடை. இரண்டு சுற்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் மின்கலம். முதற் சுற்றில் 4 ஓம் தடை. 3 ஆம்பியர் ஓடும். இரண்டாம் சுற்றில் 12 ஓம் தடை. 1 ஆம்பியர்தான் ஓடும். அம்மீட்டரை மட்டும் பார்ப்பவர், "இரண்டாவது மின்கலம் பலவீனமானது" என்பார். மின்கலங்கள் இரண்டும் ஒன்றே. வேறுபட்டது தடை.

வாழ்க்கையில் அத்தடைகள் எவை? முதல் தடை நேரம். மாதச் சம்பளக்காரர் மாநகராட்சி அலுவலகம் போக ஒரு நாள் விடுப்பு எடுத்தால் சம்பளம் குறையாது. நாட்கூலிக்காரர் போனால் அன்றைய வருமானம் முழுவதும் போய்விடும். நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டம் வசதியான நேரம் அன்று. குழாயில் தண்ணீர் வராத நாளில் லாரிக்காகக் குடத்துடன் காத்திருக்கும் நேரமும் இதில் சேரும். அடுத்த தடை எழுத்து. மனு எழுதவும், விதியை மேற்கோள் காட்டவும், கைப்பேசிச் செயலியில் புகைப்படத்துடன் புகார் பதியவும் பழக்கம் வேண்டும். மூன்றாவது, அறிமுகம். அதிகாரியைத் தெரிந்த ஓய்வுபெற்ற அலுவலர் ஒரு தெருவில் இருப்பார். இன்னொரு தெருவில் இருக்கமாட்டார்.

வாக்களிப்பதற்கு இந்தத் தடைகள் மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். வாக்குச்சாவடி பக்கத்திலேயே இருக்கிறது. தேர்தல் நாளன்று ஊதியத்துடன் விடுப்பு அளிக்கச் சட்டம் சொல்கிறது. சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் போதும். தடை குறைந்த இடத்தில் ஏழையின் பங்கேற்பு தாழவில்லை. தடை மிகுந்த இடத்தில்தான் தாழ்கிறது. முரண்போலத் தோன்றிய இரண்டு பேச்சுகளும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

இணையாக ஒரு பாதை

இரண்டாம் சுற்றுக்குத் திரும்புவோம். 12 ஓம் தடையை அகற்ற இயலவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இணையாக 6 ஓம் தடை ஒன்றை இணையுங்கள். தொகு தடை என்ன? 12-ஐயும் 6-ஐயும் பெருக்கினால் 72. அதனை 18-ஆல் வகுத்தால் 4 ஓம். இப்போது இச்சுற்றிலும் 3 ஆம்பியர் ஓடும்! மின்கலத்தை மாற்றவில்லை, பழைய தடையையும் தொடவில்லை. இன்னொரு பாதை கொடுத்தோம், அவ்வளவுதான்.

சமுதாயத்தில் அத்தகைய இணைப் பாதைகள் உண்டு. வார்டு உறுப்பினர், தொழிற்சங்கம், ஊர்ப் பஞ்சாயத்து, மகளிர் சுயஉதவிக் குழு ஆகியவை அப்படிப்பட்டவை. வெர்பா, நை, கிம் என்ற மூன்று அறிஞர்கள் இந்தியா, ஜப்பான், அமெரிக்கா உள்ளிட்ட ஏழு நாடுகளை ஒப்பிட்டு 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கல்வியும் வருமானமும் உடையவர் பொதுக் காரியங்களில் கூடுதலாக ஈடுபடும் போக்கு எங்கும் உண்டு. ஆனால் கட்சிகளும் அமைப்புகளும் எளியவர்களைத் திரட்டும் இடங்களில் அந்த இடைவெளி குறைகிறது என்பது அவர்கள் கண்ட முக்கியமான உண்மை.

ஜப்பானில் சோனாய்கை எனப்படும் தெருச் சங்கங்கள் இதற்கு உதாரணம். அவற்றில் தனி மனிதர் சேர்வதில்லை, குடும்பம் சேர்கிறது. அத்தெருவில் குடியிருந்தாலே உறுப்பினர் ஆவார்கள் என்பது பொது வழக்கம். குப்பை இடத்தைச் சுத்தம் செய்தல், விழா நடத்துதல், நிலநடுக்கப் பயிற்சி ஆகியவை முறை வைத்து நடக்கும். கடைக்காரரும் பேராசிரியரும் ஒரே துடைப்பத்தை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1940-இல் அந்நாட்டு அரசு இச்சங்கங்களைப் போர்க்காலக் கட்டுப்பாட்டுக் கருவியாக ஆக்கியது. போருக்குப்பின் 1947-இல் நேச நாட்டு ஆட்சி அவற்றைத் தடை செய்தது. 1952-க்குப்பின் அவை மீண்டும் தழைத்தன. இன்றும் பொறுப்புகளில் பெரும்பாலும் வயது முதிர்ந்த ஆண்களே இருக்கிறார்கள். நகரங்களில் உறுப்பினர் தொகையும் குறைந்து வருகிறது. கட்டாயத்தால் வரும் பங்கேற்பும் விரும்பி வரும் பங்கேற்பும் அம்மீட்டரில் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நம் நகரின் 1973 முதல் 1996 வரையான காலத்தை இப்போது எண்ணிப் பாருங்கள். வார்டு உறுப்பினர் என்ற இணைப் பாதை அறுந்து கிடந்தது. அதிகாரிக்கு நேரே கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு வேறு பாதை இருந்தது. தெரியாதவருக்கு?

இதனால் என்ன ஆகும்?

யார் வருகிறார்களோ அவர்கள் கேட்பதுதான் நடக்கும். இதில்தான் இக்கணக்கின் முக்கியத்துவம் இருக்கிறது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதைக் கடைகள் 2013-இல் ஒரு வளாகத்துக்குள் மாற்றப்பட்டன. 2019 நவம்பரில் அச்சாலையில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்பவருக்கு நடைபாதை வேண்டும். விற்பவருக்குப் பிழைப்பு வேண்டும். இரண்டும் நியாயமே. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் வழி இருக்கிறதா என்பதே கேள்வி. 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் அப்படி ஒரு வழியை வகுத்தது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கத்துக்கும் இடம் உண்டு. 20 பேர் குழுவானால் குறைந்தது 8 பேர் வியாபாரிகள். நாம் கணக்கிட்ட 6 ஓம் தடையைப் போன்றது இது.

மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டிய லூப் சாலையிலும் இப்பிரச்சினை எழுந்தது. 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்ற உத்தரவை ஒட்டிச் சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட்டபோது மீனவர்கள் திரண்டு போராடினார்கள். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. பேச மேசை இல்லாத இடத்தில் போராட்டமும் ஒரு பங்கேற்பே. ஆனால் எந்த நலச் சங்கக் கணக்கிலும் அது ஏறாது.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. 3 லட்சம் மக்களுக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், நகரப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. பாதை போடப்பட்டிருக்கிறது. அதன் தடை எத்தனை ஓம் என்பது, கூட்டம் எந்த நேரத்தில் கூடுகிறது, செய்தி யாருக்கு எட்டுகிறது, வந்தவர் சொன்னது குறிப்பேட்டில் ஏறுகிறதா என்பதைப் பொறுத்தது.

ஒரு எச்சரிக்கை. மனிதர் மின்கம்பி அல்லர். விருப்பமும் எல்லோரிடமும் 12 வோல்ட்டாக இருப்பதில்லை. பலமுறை மனுக் கொடுத்துப் பயன் காணாதவரின் விருப்பமே தேய்ந்துபோகும். அதாவது, தடை நெடுநாள் நீடித்தால் மின்கலத்தையும் கெடுத்துவிடும். ஓம் விதியில் இதற்கு இடமில்லை. ஒப்புமை எங்கே உதவுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று அறிவதும் அறிவியலே.

நீங்களே அளந்து பாருங்கள்

மூன்று நான்கு மாணவர்கள் சேர்ந்து உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் 20 வீடுகள் வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த வீடுகளாகப் பொறுக்கி எடுக்காமல், ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று வரிசைப்படி எடுங்கள். யாருக்கு வாக்களித்தார்கள் என்று கேட்கவே கூடாது. பெயரும் எழுத வேண்டாம். கீழ்க்கண்டவற்றை மட்டும் கேளுங்கள்.

1. கடந்த ஓராண்டில் தெருவின் பொதுக் குறைக்காக யாரிடமாவது சென்றீர்களா? யாரிடம்?

2. அதற்கு எத்தனை மணி நேரம் செலவாயிற்று? அன்று வருமானம் குறைந்ததா?

3. அண்டை வீட்டாருக்கோ ஊருக்கோ கூலியின்றிச் செய்த உதவி எது?

4. பகுதி சபைக் கூட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

முதல் கேள்வியின் விடையை மட்டும் வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். பிறகு மூன்றாவதை மட்டும் வைத்து இன்னொன்று போடுங்கள். இரண்டிலும் ஒரே தெருதான் முன்னால் நிற்கிறதா? 20 வீடுகள் மிகச் சிறிய மாதிரி என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு நகரம் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல இயலாது.

1989 மார்ச் முதல் நம் நாட்டில் 18 வயதிலேயே வாக்குரிமை உண்டு. உங்களில் சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் அது வந்துவிடும். அதற்குள், "அந்தத் தெருக்காரர்களுக்கு அக்கறை இல்லை" என்று எவரேனும் சொன்னால், "எதைக் கொண்டு அளந்தீர்கள்?" என்று பணிவோடு கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.